சாத்தம் ஜெட்டியில் எடுத்த கடைசிக் காட்சி

மின்னி பே, போர்ட் பிளேர்
பிப்ரவரி 2012

அன்பு மகள் கார்த்திகாவுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம், பின்பக்கத்துப் பப்பாளியும் சுகம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு மெட்ராஸில் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே ஷூட்டிங்கில் எடுத்த படமெல்லாம் பத்திரமாக வந்து சேர்ந்தது என்று நீ சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. போனில் ஒரு வார்த்தை பேசுவதற்குள் உனக்கு இன்னொரு போன் வந்துவிடுகிறது, அதனால்தான் எழுதுகிறேன்.

நீ டைரக்டர் ஆகப் போகிறேன் என்றபோது எனக்குக் கவலை பிடித்துக்கொண்டது. பாட்டு ரெக்கார்டிங் செய்து ஆல்பம் போடுகிறாய், பாடகர்களுக்குக் கச்சேரி பிடித்துக் கொடுத்து அவர்கள் காரியமெல்லாம் பார்த்துக்கொள்கிறாய், நல்ல பெயர், இது போதாதா என்று அம்மாவிடம் புலம்பினேன். அதற்கேற்ற மாதிரி, நீ கதாநாயகியாகப் போட்ட உன் பாடகி சுகுணா மாலை வெயிலில் ஃபெர்ரி ஏறி ஊரை விட்டுப் போகிற கடைசிக் காட்சியை ஆறு மணிக்கு என்று வைத்தாயே, இந்தத் தீவில் பிறந்தவள் செய்கிற வேலையா அது! மெட்ராஸில் ஆறு மணிக்கு வெளிச்சம் இருக்கலாம், இங்கே அதற்குள் விளக்குப் போட்டுவிடுவோம் என்பது உனக்கே மறந்துவிட்டது. சாத்தம் ஜெட்டிப் படகுத்துறையில் இருட்டில் கேமராவோடு நீ முழித்துக்கொண்டு நின்றதைப் பார்த்து எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. மறுநாள் விமானத்தில் சுகுணா கோயம்புத்தூர் கச்சேரிக்குப் போக வேண்டும், அந்தக் கச்சேரியை ஒப்புக்கொண்டவளும் நீதான். உன் கேமராமேன் நல்லதம்பி, ஒரு கச்சேரிதானே மேடம், உடம்பு சரியில்லன்னு சொல்லிடலாம் என்றார். நீ என்ன சொல்வாயோ என்று நான் கையைப் பிசைந்துகொண்டு நின்றேன். தப்பு என்னோடது, அவ கச்சேரிய ஏன் கெடுக்கணும், காலைல முதல் ஃபெர்ரியில எடுப்போம், அந்த வெயிலும் சாயங்கால வெயில் மாதிரியேதான் இருக்கும் என்றாய் பார், அப்போதே எனக்குப் பாதி பாரம் இறங்கிவிட்டது. மேனேஜராகக் கொடுத்த வாக்கை நீ டைரக்டராகி மீறவில்லை.

மீதிப் பாரத்தை இறக்கியவள் உன் அம்மா. பயணிகளாக உட்கார நீ சொல்லிவைத்த ஆட்கள் காலையில் வேலைக்குப் போக வேண்டும், வரமுடியாது என்றுவிட்டார்கள், நீ சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தாய். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு போய் பக்கத்து வீட்டு புஷ்பாவிடம் நாளைக்குக் காலைல வந்துடு, எம் பொண்ணோட படம் என்று தமிழிலும், எதிர்வீட்டு பெங்காலிக்கார அம்மாளிடம் அதையே கல் சுபே ஆனா, மேரி பேட்டி கா பிக்சர் என்று தன் இந்தியிலும் சொல்லி ஒரு கூட்டத்தையே சேர்த்துவிட்டாள். காலையில் எல்லோருக்கும் முன்னால் ஜெட்டியில் நின்றவளும் அவள்தான். சுனாமிக்குப் பிறகு அவள் ஃபெர்ரியில் கால் வைத்ததில்லை என்பது உனக்குத் தெரியும், அக்கரை பேம்பூஃபிளாட்டில் இருக்கிற தங்கை சுசீலாவைப் பார்க்கக்கூட பஸ்ஸில் ஊரைச் சுற்றிக்கொண்டுதான் போவாள். அன்றைக்கு உனக்கு இருந்த வேலையில் நீ கவனித்திருக்க மாட்டாய், அக்கரை போய்த் திரும்பும் வரை அவள் என் சட்டைக் கையை விடவில்லை. ஆனாலும் நீ கட் சொன்னதும், நல்லா வந்துச்சாடி என்று முதலில் கேட்டவள் அவள்தான். சுகுணாவும் விமானத்தைப் பிடித்துவிட்டாள். நேற்று அம்மா திடீரென்று, ஞாயித்துக்கிழமை சுசீலா வீட்டுக்கு ஃபெர்ரியிலயே போய்ட்டு வரலாமா என்று கேட்டாள். அந்த நிமிஷமே சுசீலாவுக்குப் போன் போட்டு வருகிறோம் என்று சொல்லிவிட்டேன், அவ்வளவு சந்தோஷம்.

பாட்டு வேலையை அடியோடு விட்டுவிடாதே, ராத்திரி கண்விழிக்காதே, அடுத்த படத்துக்கு எந்த ஊரில் எப்போது பொழுது சாய்கிறது என்று விசாரித்துவிட்டுக் கேமராவைத் தூக்கு. முருகன் உன்னையும் உன் படத்தையும் நல்லபடியாகக் கரை சேர்க்கட்டும். ஒன்றே ஒன்று ஞாபகம் வைத்துக்கொள். படத்தை எடிட் செய்யும்போது, பின்வரிசையில் ஒருத்தி பக்கத்து ஆளின் சட்டையைப் பிடித்துக்கொண்டு கேமராவையே பார்க்கிறாள் என்று வெட்டிவிடாதே. அவள் கேமராவைப் பார்க்கவில்லை, உன்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

உன் அன்பு அப்பா,
சொக்கலிங்கம்