நான் அவசரப்படுகிறேனாம்

மார்ச் 3, செவ்வாய்

எங்கள் மூவர் இசைக்குழுவின் ரெக்கார்டு வந்துவிட்டது. வேலைக்குப் போகும் பஸ்ஸில் காதில் மாட்டிக்கொண்டு கேட்டேன். அவர் பாட்டும் கிடாரும் அருமை. கட்டின புருஷன் என்பதற்காகச் சொல்லவில்லை. நாத்தனாரின் பேஸ் கிடார் அதைவிட அருமை. என் டிரம்ஸ்தான் — யாருடையது அது?

மேடையில் பல்லவி வந்தால் நான் பாய்வேன். வேகம் கூடும், கூட்டம் குதிக்கும், அது குதிக்கக் குதிக்க இன்னும் கூடும். ஸ்டூடியோவிலும் அப்படித்தான் வாசித்தேன். ரெக்கார்டில் அந்தப் பாய்ச்சலைக் காணோம். பஸ் தரையில் தாளம் போட்ட என் கால் பாட்டை முந்திக்கொண்டு ஓடியது. யாரோ என் அடிகளை ஒவ்வொன்றாக நகர்த்தி, பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி வரிசையில் நிற்கவைத்திருக்கிறார்கள். பக்கத்து சீட் அம்மாள், "உடம்பு சரியில்லையாம்மா?" என்றாள். பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது.

மார்ச் 4, புதன்

மதியம் ஸ்டூடியோவுக்குப் போன் போட்டேன். ரெக்கார்டிங் செய்தவர் மென்று விழுங்கினார். "சார்தான்க்கா சொன்னாரு. நீங்க அவசரப்படுறீங்களாம். கம்ப்யூட்டர்ல வெட்டி நேர் பண்ணச் சொன்னாரு. உங்களுக்குத் தெரியும்னு நினைச்சேன்."

அவசரப்படுகிறேனாம்! எனக்குத் தெரியாது. ஒரே கட்டிலில் படுக்கிறவளுக்குத் தெரியாது. எங்கேயோ இருக்கிற ஆளுக்குத் தெரியும்.

மார்ச் 5, வியாழன்

அவரோடு பேசவில்லை. நான் பேசவில்லை என்பதே அந்த மனுஷனுக்கு இன்னும் உறைக்கவில்லை.

மார்ச் 8, ஞாயிறு

கார் ஷெட்டில் ஒத்திகை. என் வீட்டு மகாராஜா கையில் ஒரு சின்ன இயர்போனோடு வந்தார். அதில் டிக் டிக் என்று ஓடுமாம். அதை ஒட்டி நான் வாசிக்கவேண்டுமாம்.

"ஜனங்க ரெக்கார்டைக் கேட்டுட்டு வர்றாங்க. மேடையிலயும் அதே மாதிரி இருந்தாத்தானே நல்லாயிருக்கும்?"

"அப்போ ரெக்கார்டையே போட்டு விடுங்க. நாம எதுக்கு, மூட்டை தூக்கவா?"

"எதுக்கெடுத்தாலும் எகிறாதே."

"என் வாசிப்பை வெட்டினதை என்கிட்ட ஏன் சொல்லலை?"

கிடார் கம்பியை முறுக்கிக்கொண்டே நின்றார், அது ஏற்கனவே சுதியில்தான் இருந்தது. நாத்தனார், "அண்ணி, என்னை நடுவுல இழுக்காதீங்க" என்றாள். நான் இழுக்கவே இல்லை.

சரி. ரெக்கார்டு மாதிரியே வேண்டுமா? தருகிறேன்.

மார்ச் 14, சனி

தந்தேன். இம்மி பிசகாமல்.

இரண்டாம் சரணம் முடிந்ததும் மேடையில் ஒரு இடைவெளி விடுவோம். அவர் கூட்டத்தோடு பேசுவார், தங்கையை வம்புக்கு இழுப்பார். நான் மெதுவாகத் தட்டிக்கொண்டே காத்திருப்பேன். அவர் கையைத் தூக்கினால் பல்லவி. ரெக்கார்டில் அந்த இடைவெளி கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும்.

இன்றைக்கும் பேச ஆரம்பித்தார். "போன தடவை இங்க வந்தப்போ என் தங்கச்சி—" என்பதற்குள் காதில் டிக் டிக் ரெக்கார்டின் கணக்குப்படி பல்லவிக்கு வந்துவிட்டது. நானும் வந்தேன். டமார் என்று அவர் தலைமேல் பல்லவி விழுந்தது. கிடாரைப் பிடிப்பதா, மைக்கைப் பிடிப்பதா என்று தடுமாறினார். முதல் வரி போயே போய்விட்டது. நாத்தனார் ஸ்பீக்கர் பக்கம் திரும்பிக்கொண்டாள், தோள் குலுங்கியது. கூட்டம் இதையும் வேடிக்கை என்று நினைத்துக் கைதட்டியது.

எனக்கு இனித்தது. பொய் சொல்ல மாட்டேன், இனித்தது.

மார்ச் 15, ஞாயிறு

சாமான் இறக்கும்போது வெடித்தது. "வேணும்னே பண்ணினே!"

"ஆமா. ரெக்கார்டுல அப்படித்தானே இருக்கு? நீங்க கேட்டதுதானே?"

டிரம் பெட்டிமேல் தொப்பென்று உட்கார்ந்தார். கத்துவார் என்று பார்த்தேன். குரல் எழும்பவில்லை.

"நீ ஓடுறப்போ எனக்கு மூச்சு பத்தலைடி. ரொம்ப நாளாவே."

பல்லவியின் கடைசி வரிக்கு மைக்கைக் கூட்டத்தை நோக்கி நீட்டுவாரே, அவர்கள் பாடட்டும் என்று — ஸ்டைல் என்று நினைத்திருந்தேன்! பின்னால் உட்கார்ந்திருக்கிற எனக்கு அவர் முதுகுதானே தெரியும்? ஸ்டூடியோவில் ஒவ்வொரு வரியாக நிறுத்தி நிறுத்திப் பாடி ஒட்டிக்கொண்டார். மேடையில் ஒட்டமுடியுமா?

பாவமாக இருந்தது. அதைவிட ஆத்திரமாக இருந்தது. "எனக்கு முடியலை" என்று சொல்ல வாய் வரவில்லை. "அவள் அவசரப்படுகிறாள்" என்று சொல்ல மட்டும் வந்ததா?

மார்ச் 17, செவ்வாய்

சொல்லியிருந்தால் வேகத்தைக் குறைத்திருப்பேனா? சண்டை போட்டிருப்பேன். பிறகு குறைத்திருப்பேன். அந்தச் சண்டைக்குப் பயந்து என்னை வெட்டியிருக்கிறார்.

டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். மூச்சுக்குழாயில் கொஞ்சம் சுருக்கம், மருந்து உண்டு, பாடலாம், பறக்கக்கூடாது என்றார். வரும் வழியில் நான் ஒன்றே ஒன்றுதான் சொன்னேன்: "டிக் டிக்கைத் தூக்கிப் போடுங்க. மேடையில என் பக்கம் பாதி திரும்பி நில்லுங்க. உங்க வாய் எனக்குத் தெரியணும்."

மார்ச் 28, சனி

அவர் வாயைப் பார்த்து வாசித்தேன். சரணத்தில் என் இஷ்டத்துக்கு ஓடினேன். பல்லவியில் ஒவ்வொரு வரி முடிந்ததும் குச்சியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டேன். அவர் மூச்சை இழுத்த பிறகுதான் இறக்கினேன். கடைசி வரியை அவரே பாடினார். கரகரத்தது. மைக் அவர் வாயருகிலேயே இருந்தது.

முடிந்தபின் கையெழுத்து வாங்க ஒரு பெண் வந்தாள், கையில் எங்கள் ரெக்கார்டு. "இதுல சீரா போகுதே, இங்க ஏன் நின்னு நின்னு போச்சு?" என்று என்னைக் கேட்டாள். சுள்ளென்று வந்தது. வாயைத் திறந்தேன்.

அவர் முந்திக்கொண்டார். "அதுல இவ வாசிச்சதை வெட்டச் சொன்னது நான்தாம்மா. இவ வேகத்துக்கு எனக்கு மூச்சு பத்தலை. வெளிய சொல்ல வெக்கப்பட்டு இவ மேல பழியைப் போட்டுட்டேன். இன்னிக்கு நின்னது எனக்காக."

சுற்றிலும் ஆட்கள். வயர் சுருட்டிக்கொண்டிருந்த நாத்தனார் அப்படியே நின்றுவிட்டாள்.

அந்தப் பெண் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "அவ்வளவு வேகமா வாசிப்பீங்களாக்கா?"

"ரொம்ப" என்றேன்.