எங்கள் வீட்டில் மிஞ்சிய சோறு

அப்பா,

எங்களுடைய பெரிய அலுமினியச் சட்டி இன்று மத்தியானம் வீட்டுக்குத் திரும்பி வந்தது. கீழ்மாடி லூசியா அன்ரி அதைத் துவாயால் சுற்றி, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றார். மூடியைத் திறந்ததும் உள்ளியும் ஏதோ ஓர் இலையும் சேர்ந்த மணம் வந்தது. கறுப்பு அவரையும் சோறும். சனிக்கிழமைச் சமையல் வகுப்பில் அவர்களுடைய மேசையிலிருந்து வருகிற அதே மணம். வெறும் சட்டியாகத் தர மனம் வரவில்லை என்று ஜெர்மனில் சொன்னார். எப்போது கொண்டுவருவது சரி என்று தெரியாமல் இத்தனை நாளும் தன்னிடம் வைத்திருந்துவிட்டாராம். நான் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டேன். சட்டி சூடாக இருந்தது.

நீங்கள் போன பிறகு எனக்கு எல்லாம் இப்படித்தான் இருக்கிறது. சட்டி தெரிகிறது, துவாய் தெரிகிறது, சூடு தெரிகிறது. அதற்கு மேல் ஒன்றும் வருவதில்லை. அழ வேண்டுமென்றால் வகுப்பை விட்டு வெளியே போகலாம் என்று பள்ளிக்கூடத்தில் ஆசிரியை சொல்லியிருக்கிறார். எனக்கு இன்னும் அதற்குத் தேவை வரவில்லை. நூலகத்தில் எடுத்த புத்தகம் ஒன்று மேசையில் கிடக்கிறது. அதே பக்கத்தைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறேன். அதில் மழை பெய்கிறது. இங்கே ஆஹெனிலும் மழைதான்.

அந்த வகுப்புக்கு நாங்கள் போன கதை உங்களுக்குத் தெரியும். ஆனாலும் எழுதுகிறேன், ஏனென்றால் தம்பி அதைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டான்.

பிள்ளைகள் வைத்தியர் தம்பியின் மஞ்சள் புத்தகத்தைத் திறந்து, அதிலிருந்த எடைக் கோடுகளுக்கு மேலே ஒரு புள்ளி வைத்தார். அம்மா நிலத்தைப் பார்த்தா. நீங்கள் மட்டும் சிரித்துக்கொண்டு, "நல்லாச் சாப்பிடுற பிள்ளையெண்டு சொல்லு" என்றீர்கள். நான் அப்படியே மொழிபெயர்த்தேன். வைத்தியரும் சிரித்தார். பிறகு சிரிக்காமல், இது தம்பியின் பிழை அல்ல, முழுக் குடும்பமும் சேர்ந்து மாற வேண்டிய விஷயம் என்றார். அதையும் மொழிபெயர்த்தேன். பேருந்தில் வீட்டுக்கு வரும்வரை தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தீர்கள்.

அதற்கு முதல் வாரந்தான் மண்டபத்தில் ஒரு பிறந்தநாள் விழா. பெரிய மாமா தம்பியைக் கண்டதும், "உனக்கு ரெண்டு கதிரை போடட்டோடா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். கொஞ்ச நேரத்தில் அதே மாமா ரோல்ஸும் பற்றிஸும் அவனுடைய சாப்பாட்டுக் கோப்பையில் அடுக்கி, வளர்கிற பிள்ளை, மிச்சம் வைக்கக் கூடாது என்று பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். தம்பி சாப்பிட்டான். சாப்பிடாவிட்டால் மரியாதை இல்லை என்பார்கள். சாப்பிட்டால் கதிரைப் பகிடி.

வகுப்பைப் பற்றி முதலில் சொன்னது லூசியா அன்ரிதான். அவருடைய மகன் மத்தேயோவும் தம்பியும் ஒரே வகுப்பு, மத்தேயோவுக்கும் கோட்டுக்கு மேலே ஒரு புள்ளி. எங்கள் பகுதியிலுள்ள ஸ்பானிய மொழி பேசும் குடும்பங்கள் தங்களுக்குள் சேர்ந்து தேவாலய மண்டபத்தில் நடத்திய வகுப்பு அது. கொலம்பியாவிலிருந்தும் பெருவிலிருந்தும் எக்குவடோரிலிருந்தும் வந்த தாய் தகப்பன்மார் பிள்ளைகளோடு வந்து சமைப்பார்கள், சேர்ந்து சாப்பிடுவார்கள், பிறகு ஆடுவார்கள் அல்லது நடக்கப் போவார்கள். வாசலில் நின்ற பெண் எங்களைப் பார்த்து, இது ஸ்பானிய மொழி பேசுகிற குடும்பங்களுக்கானது என்று மெதுவாகச் சொன்னார். நீங்கள் என்னை மொழிபெயர்க்க விடாமல், உங்களுடைய ஜெர்மனில், "நாங்களும் சோறு சாப்பிடுகிறோம்" என்றீர்கள். உள்ளே இருந்த யாரோ சிரித்தார்கள். எங்களுக்கு ஒரு மேசை கிடைத்தது.

முதல் நாளே அந்தப் பெண் சொன்ன விதி எனக்கு நினைவிருக்கிறது. சமைத்து வைப்பது பெரியவர்களின் வேலை. எவ்வளவு போதும் என்று சொல்வது பிள்ளையின் வேலை. பிள்ளை போதும் என்றால் கோப்பையில் என்ன இருந்தாலும் பெரியவர் வற்புறுத்தக் கூடாது. பிறகு ஒவ்வொரு குடும்பத்திலும் பிள்ளை போதும் என்பதை எப்படிச் சொல்லும் என்று கேட்டார். தம்பி வெட்கப்பட்டுக்கொண்டு "காணும்" என்றான். மண்டபம் முழுக்கத் திரும்பிச் சொன்னது. மத்தேயோவுக்கு அந்தச் சொல் பிடித்துப்போய், உதைபந்து விளையாடும்போது யாராவது தள்ளினால்கூட "காணும், காணும்" என்று கத்தத் தொடங்கினான்.

உங்களுக்குத்தான் அந்த விதி கஷ்டமாக இருந்தது. வீட்டில் நீங்கள் குழையல் செய்கிற ஆள். ஞாயிற்றுக்கிழமை எல்லாக் கறியையும் சோற்றோடு அந்தச் சட்டிக்குள் போட்டுக் குழைத்து, உருண்டை பிடித்து, எங்கள் உள்ளங்கையில் ஒவ்வொன்றாக வைப்பீர்கள். கடைசி உருண்டை தம்பிக்கு. அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாலும் அந்த உருண்டை அவனுக்குத்தான். வகுப்புக்குப் போகத் தொடங்கிய பிறகு ஒரு ஞாயிறு, அவன் "காணும்" என்றான். நீங்கள் உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றீர்கள். வற்புறுத்தவில்லை. உங்கள் வாயில் போட்டுக்கொண்டீர்கள்.

அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. தம்பியின் கோப்பையில் மிஞ்சினால் உங்கள் கை வரும். என்னுடையதில் மிஞ்சினாலும் வரும். உங்களுக்கு நீரிழிவு இருந்ததால் அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. "இஞ்சேருங்கோ, சீனி வருத்தத்தோட உதென்ன வேலை? பிரிட்ஜில வையுங்கோவன்" என்பா. "ஒரு வாய்ச் சோத்துக்கு ஒரு டப்பாவே?" என்று கேட்டு நீங்கள் சிரிப்பீர்கள். நானும் ஒரு தடவை, வகுப்பில் சொன்னது எல்லோருக்கும் பொருந்தும், பெரியவர்களுக்கும் பொருந்தும் என்று விளக்கினேன். நீங்கள் கவனமாகக் கேட்டுவிட்டு, "நான் வளர்ந்து முடிஞ்ச ஆள், பிள்ளை. இது வளர்ற ஆக்களுக்கு" என்றீர்கள்.

ஒரு நாள் மட்டும் நீங்கள் சிரிக்காமல் பதில் சொன்னீர்கள். நீங்கள் வேலை செய்த மாணவர் உணவகத்தில், சாப்பிட்டு முடித்த தட்டுகள் ஓடும் பட்டியில் வரும். அவற்றிலிருந்ததை வழித்துக் கொட்டிவிட்டுக் கழுவும் இயந்திரத்துக்குள் அடுக்குவது உங்கள் வேலை. பாதி உருளைக்கிழங்கு, தொடாத மீன், முழுச் சோறு. அம்மா அன்று தம்பியின் கோப்பையைக் குப்பைக்குக் கொண்டுபோக எழும்பினா. நீங்கள் அதை அவவின் கையிலிருந்து வாங்கினீர்கள்.

"வேலையில நாள் முழுக்கக் கொட்டுறன். வீட்டிலயும் கொட்டச் சொல்லாதை."

அதற்குப் பிறகு அம்மா எழும்புவதில்லை.

தம்பி மெதுவாக மாறினான். மெலிந்தான் என்று சொல்ல மாட்டேன். உயர்ந்தான். படியேறும்போது வாயால் மூச்சு விடுவது நின்றது. லூஸ்பெர்க் குன்றுக்கு எல்லோரும் நடந்து போகும்போது அவனும் மத்தேயோவும் முன்னால் ஓடுவார்கள். நீங்கள் பின்னால் வருவீர்கள். அடிக்கடி குனிந்து சப்பாத்து நாடா கட்டுவீர்கள். நாடா அவிழ்ந்திருக்காது, எப்போதும் இரட்டை முடிச்சுத்தான். மத்தேயோவின் அப்பா உங்களுக்குப் பக்கத்தில் நின்று, புதுச் சப்பாத்து வாங்கித் தரட்டுமா என்று பகிடி பண்ணுவார். நீங்கள், சப்பாத்து நல்லது, குன்றுதான் சரியில்லை என்பீர்கள். ஒரு தடவை மேலே போனதும், வைத்தியர் மறுபடி மஞ்சள் புத்தகத்தில் வைத்த புள்ளியைப் பற்றி எல்லோருக்கும் சொன்னீர்கள். அது கோட்டுக்குக் கிட்ட வந்திருந்தது. லூசியா அன்ரி கை தட்டினார்.

கடைசிச் சனிக்கிழமை எங்கள் மேசையில் கத்தரிக்காய்க் குழம்பு. மிஞ்சியதைச் சட்டியோடு லூசியா அன்ரிக்குக் கொடுத்தனுப்பினீர்கள்.

மார்ச் மாதத்தில் ஒரு வேலை நாள் நீங்கள் இயந்திரத்துக்குப் பக்கத்தில் இருந்த கதிரையில் இருந்துவிட்டீர்களாம். களைப்பாக இருக்கிறது என்றீர்களாம், பிறகு எழும்பவில்லையாம். பட்டி ஓடிக்கொண்டே இருந்ததாம். உங்களோடு வேலை செய்தவர் எங்களிடம் இதைத்தான் இரண்டு தடவை சொன்னார், பட்டி ஓடிக்கொண்டே இருந்தது என்று.

எட்டாம் நாள் சடங்கு, எட்டுச்செலவு அன்று வீடு முழுக்க ஆட்கள். உங்கள் படத்துக்கு முன்னால் உங்களுக்குப் பிடித்ததெல்லாம் இலையில் படைத்திருந்தார்கள். குசினிக்குள் பெரிய மாமா அடுப்புக்குப் பக்கத்துச் சுவரோடு சாய்ந்து நின்றார். காலையிலிருந்து அழுதிருந்தார், கண் வீங்கியிருந்தது. யாரோ, இந்த வயதில் இப்படியா என்று கேட்டார்கள். மாமா சொன்னார்:

"பிள்ளையளின்ர மிச்சத்தைத் திண்டு திண்டுதான் மனுசன் போனது."

தம்பி தண்ணீர்க் கிளாஸ்கள் அடுக்கிய தட்டோடு வாசலில் நின்றான். தட்டு ஆடவில்லை. உள்ளே வந்து எல்லோருக்கும் கொடுத்தான். மாமாவுக்கும் கொடுத்தான்.

அன்றிலிருந்து அவன் மிச்சம் வைப்பதில்லை, அப்பா.

கோப்பையை வழித்துச் சாப்பிடுகிறான். என்னுடையதையும் பார்த்துக்கொண்டிருந்து எடுக்கிறான். சட்டியின் அடியில் ஒட்டியதைக் கரண்டியால் சுரண்டுகிறான். அம்மா இன்னும் நான்கு பேருக்குத்தான் அரிசி போடுகிறா. கை பழகியபடி அளக்கிறதாம். அந்த நாலாவது பங்கும் அவனுக்குள்தான் போகிறது. மத்தேயோ விளையாடக் கூப்பிட்டால் போவதில்லை. வகுப்பு திரும்பத் தொடங்குகிறது என்று லூசியா அன்ரி சொன்னபோது தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். நான் நூலகத்தில் இதயத்தைப் பற்றி ஒரு புத்தகம் எடுத்து வந்து, நீண்ட நாள் சீனி வருத்தம் இரத்தக் குழாயை என்ன செய்யும் என்று படம் காட்டினேன். பார்த்தான். விளங்குகிறது என்றான். இரவுச் சாப்பாட்டுக்கு மூன்று கோப்பையிலும் மிஞ்சியதை வழித்துச் சாப்பிட்டான்.

இன்று அம்மா அவரையையும் சோற்றையும் சட்டியோடு மேசையில் வைத்தா. மூன்று பேருக்கு அது மிக அதிகம். தம்பி ஒரு கோப்பை சாப்பிட்டான், பிறகு இன்னொன்று. அதற்குப் பிறகு மெதுவாக, ஒவ்வொரு வாய்க்கும் நடுவில் மூச்சு எடுத்து எடுத்துச் சாப்பிட்டான். நெற்றியில் வியர்வை. நான் அவனுடைய கரண்டியைப் பிடித்தேன். காணாதா என்று கேட்டேன்.

"நான் வச்சால் ஆர் சாப்பிடுறது?" என்றான்.

பிரிட்ஜில் வைக்கலாம் என்று சொல்ல நினைத்தேன். அது பதில் இல்லை என்று எனக்கே தெரிந்தது.

அம்மா அவன் பக்கத்துக் கதிரையில் வந்து இருந்தா. அது உங்களுடைய கதிரை. இதுவரை யாரும் அதில் இருக்கவில்லை.

"மாமா சொன்னதை நீ கேட்டனீ, என்ன?" என்று கேட்டா. தம்பி தலையை ஆட்டினான்.

"நீ அப்பாவுக்கு மிச்சம் குடுக்கேல்லை, ராசா. நீ காணும் எண்டனீ. அவர் எடுத்தவர். நான் வேண்டாம் எண்டு சொல்லச் சொல்ல எடுத்தவர். அது அவற்ர வேலை, உன்ர வேலை இல்லை."

தம்பி கரண்டியை வைக்கவில்லை. அம்மாவும் வாங்கவில்லை. மழைத் தண்ணீர் கூரைப் பீலியில் ஓடுகிற சத்தம் கேட்டது. பிறகு அவன், யாரிடமும் இல்லாமல், கோப்பையைப் பார்த்து மெதுவாகச் சொன்னான்.

"காணும்."

கோப்பையில் இன்னும் ஒரு பெரிய கவளம் இருந்தது. அம்மா அதை எடுத்துக்கொண்டு எழும்பினா. குசினி மூலையில் இருக்கிற சமையல் கழிவு வாளியின் மூடியைக் காலால் திறந்தா. கரண்டியால் வழித்துக் கொட்டினா. கோப்பையில் கரண்டி உரசுகிற சத்தம் எங்கள் வீட்டில் எனக்குப் புதிது. நீங்கள் நாள் முழுக்கக் கேட்ட சத்தம் அது. தம்பி காதைப் பொத்தவில்லை. முடியும்வரை பார்த்துக்கொண்டிருந்தான். முடிந்ததும் தண்ணீர் குடித்தான்.

சட்டியில் மிஞ்சியதை அம்மா டப்பாவில் போட்டு வைத்தா. ஒரு டப்பா போதவில்லை.

உங்களுக்குப் பிடித்திருக்காது என்று தெரியும். அதனால்தான் எழுதுகிறேன். உங்களுக்குச் சொல்லாமல் செய்தது போல இருக்கக் கூடாது.

தம்பி இப்போது மத்தேயோவோடு கீழே நிற்கிறான். விளையாடவில்லை, கூரைக்குக் கீழே சும்மா நிற்கிறார்கள். கழிவு வாளிப் பையைக் கட்டி முற்றத்திலுள்ள மண்ணிறத் தொட்டியில் போட்டு வரும்படி அம்மா என்னிடம் தந்தா. நான் அதைப் படிகளில் இறக்கிக்கொண்டு போனேன். அவரையும் சோறும் இன்னும் இளஞ்சூடாக இருந்தன. பையின் அடியில் கையை வைத்துத் தாங்கிக்கொண்டேன். தொட்டிக்குக் கிட்டப் போயும் கொஞ்ச நேரம் போடவில்லை. ஒரு கவளம், அவ்வளவுதான் இருக்கும். அந்த ஞாயிறு நீங்கள் உருண்டையாகக் கையில் வைத்துக்கொண்டு நின்ற பாரம் இவ்வளவுதான் என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.