மாத்தே சுற்றில் என் முறை

ஜூன் 3, செவ்வாய்

ஜூன் குளிரில் ஆற்றுக் காற்று காதை அறுக்கிறது. அலுவலகம் போய்க் கோட்டைக்கூடக் கழற்றவில்லை, மேலாளர் பெந்தாங்கோர் கூப்பிட்டுவிட்டார். எங்கள் பிரிவில் யாரோ உறுப்பினர்களின் கடிதங்களை அனுமதியில்லாத ஒரு ஏஐ தளத்தில் போட்டுப் பதில் எழுதி வாங்குகிறார்களாம். பெயர், நோய், மாத்திரை எல்லாம் அப்படியே வெளியே போகிறது. மூன்று கணினிகளும் ஒரே இணைப்பில் போவதால் எது என்று கண்டுபிடிக்க முடியவில்லையாம்.

"முப்பதாம் தேதிக்குள்ள எனக்குப் பேரு வேணும் நெல்டா. இல்லன்னா பிரிவையே மூடிட்டு வெளிக் கம்பெனிகிட்ட குடுத்துடுவேன்."

சந்தா கட்டும் உறுப்பினர்களுக்கு வைத்தியம் பார்க்கும் இந்த மருத்துவச் சங்கத்தில், பதில் கடிதப் பிரிவு என்றால் மொத்தமே மூன்று பேர். நான், ஒடிலா, வில்மர். நான் இல்லை. ஒடிலா இருபத்திரண்டு வருடமாகப் பக்கத்து மேசை. கணினியைக் கண்டாலே திட்டுவாள். மிச்சம் யார்? இதற்கு ஒரு மாதம் எதற்கு!

ஜூன் 5, வியாழன்

வில்மரின் கடிதங்களை எடுத்துப் படித்தேன். போன வருடம்வரை தந்தி அடிப்பதுபோல் எழுதிய ஆள். இப்போது, 'தங்கள் தாயாரின் கால் வீக்கம் வடிந்திருக்கும் என நம்புகிறோம்' என்கிறான். முப்பத்தைந்து வயதில் திடீரென்று எங்கிருந்து வந்தது இந்தக் கரிசனம்? நான் பக்கத்தில் போனால் திரையை மூடுகிறான். மடியில் கனமில்லை என்றால் வழியில் எதற்குப் பயம்?

ஜூன் 9, திங்கள்

காலை மாத்தே. தூக்கத்தை விரட்டும் கசப்புத் தேநீர்; இலை போட்ட ஒரே குடுக்கையில் வெந்நீர் ஊற்றி ஊற்றி ஆளாளுக்குச் சுற்றி வரும். எப்போதும்போல ஒடிலாதான் பிளாஸ்க்கிலிருந்து ஊற்றினாள். அவள் குடித்து, வில்மர் குடித்து, அடுத்து குடுக்கை என்னிடம் வர வேண்டும். வரவில்லை. திரும்பவும் வில்மரிடம் போனது! நீட்டிய கையை முடி கோதுவதுபோல் மடக்கிக்கொண்டேன். இந்த ஊரில் ஒருத்தியைச் சுற்றில் தாண்டிப் போவதைவிட முகத்தில் துப்பிவிடலாம்.

ஜூன் 11, புதன்

இன்றும் தாண்டினாள். என் கண்ணைப் பார்த்துக்கொண்டே. சரிதான், அவன் அவளிடம் நன்றாக ஓதிவிட்டான். இரண்டு பேரும் கூட்டு.

ஜூன் 13, வெள்ளி

பொறுக்க முடியவில்லை, திரையில் எதை மறைக்கிறாய் என்று வில்மரிடம் கேட்டுவிட்டேன். அடுத்த பிரிவுக்காரர்கள் எட்டிப் பார்க்கும் அளவுக்குக் கத்தினேன்.

வில்மர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான். "திருடன்னு நேரா சொல்லுங்களேன். எதுக்குச் சுத்தி வளைக்கிறீங்க? இந்தாங்க, உக்காந்து பாருங்க."

பார்த்தேன். திரையில் இருந்தவை ஒடிலாவின் கடிதங்கள். ஏழெட்டு வருடப் பழையவை.

"இதப் படிச்சுப் படிச்சுத்தான் எழுதக் கத்துக்கிட்டேன். சொல்ல வெக்கமா இருந்துச்சு. போதுமா?"

ஒடிலா பிளாஸ்க் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தாள். நான் மன்னிப்புக் கேட்கவில்லை. இதுவும் நாடகமாக இருக்கலாமே?

ஜூன் 17, செவ்வாய்

ஏன் பழைய கடிதங்கள்? நான்கு நாளாக இது அரிக்கிறது. நடைவழியில் வில்மரை நிறுத்திக் கேட்டேன். "புதுசும் நல்லாத்தான் இருக்கு. ஆனா அவங்க எழுதின மாதிரி இல்ல," என்றான், சுவரைப் பார்த்துக்கொண்டு.

ஒடிலாவின் போன மாதக் கடிதங்களை எடுத்தேன். மனைவியை இழந்த ஒரு கிழவர் நான்கு பக்கம் எழுதியிருந்தார். அந்த அம்மாவின் கட்டிலடியை விட்டு நாய் நகர மாட்டேன் என்கிறதாம். ஒடிலாவின் பதிலில் பிழையே இல்லாத மூன்று பத்திகள். நாயைப் பற்றி ஒரு சொல் இல்லை. பழைய ஒடிலா நாயின் பெயரைக் கேட்டிருப்பாள்.

கடிதத்தை இருந்த இடத்திலேயே செருகினேன். இல்லை — அவள் இல்லை.

ஜூன் 19, வியாழன்

விடுமுறை. மழை. மழை நாளில் எல்லா வீட்டிலும் செய்யும் ரொட்டியைப் பொரித்து எடுத்துக்கொண்டு ஒடிலா வீட்டுக்குப் போனேன். விருந்துக்கு இல்லை, வாயைக் கிளறி உண்மையை வாங்க.

சமையலறையில் மாத்தே ஊற்றினாள். மூன்று குடித்துவிட்டு "நன்றி" என்றேன். மாத்தேயில் நன்றி என்றால் 'இனி வேண்டாம்' என்று அர்த்தம்; இது பச்சைக் குழந்தைக்கும் தெரியும். மறுபடி ஊற்றி நீட்டினாள். நன்றி என்றேன். மறுபடி நீட்டினாள். நான்காவது தடவை அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அப்போதுதான் அலமாரிக் கதவைப் பார்த்தேன். முழுக்கத் துண்டுச் சீட்டுகள். 'அடுப்பை அணை.' 'இன்று வியாழன்.' அவற்றுக்கு நடுவே: 'சுற்று — நான், வில்மர், நெல்டா. நெல்டாவை விட்டுவிடாதே.'

ஐயோ, என்ன பொம்பள நான்!

"தெரிஞ்சிடுச்சா?" என்றாள். "ரெண்டாம் பக்கம் வர்றதுக்குள்ள முதல் பக்கம் மறந்து போயிடுதுடி. அந்த ஏஐ தளத்துல போட்டா சுருக்கிச் சொல்லுது. எத்தனை தடவ கேட்டாலும் 'இப்பத்தானே சொன்னேன்'னு சலிச்சுக்காது. நீ சலிச்சுக்குவ."

சலித்துக்கொள்வேன்தான். எத்தனை முறை!

ஜூன் 21, சனி

இன்னும் இரண்டு வருடத்தில் அவளுக்கு ஓய்வு. பெயரைக் கொடுத்தால் வேலை போகும். கொடுக்காவிட்டால் வில்மர் தலையில்தான் விடியும். பெந்தாங்கோர் அவனை முறைப்பதே அன்றைக்குக் கத்தி நான் மூட்டிய தீயால். நம்மை நம்பி நோயை எழுதியவர்களுக்கு யார் பதில் சொல்வது? மறைக்கவும் மனசு வரல, சொல்லவும் வாய் வரல.

ஜூன் 24, செவ்வாய்

ஒடிலாவை நரம்பு மருத்துவரிடம் கூட்டிப்போனேன். நினைவைச் சோதிக்கக் கடிகாரம் வரையச் சொன்னார். பன்னிரண்டு எண்ணையும் ஒரே பக்கத்தில் நெருக்கி எழுதினாள்.

ஜூன் 27, வெள்ளி

"என் பேர எழுது," என்றாள் ஒடிலா. "அந்தப் பையன இதுல இழுக்காத."

எழுதினேன். பெந்தாங்கோருக்குப் போகும் அந்த அறிக்கையோடு மருத்துவச் சான்றிதழை இணைத்தேன். கடைசியில், 'பக்கத்து மேசையில் இருந்தும் நான் கவனிக்கவில்லை. குற்றமற்ற ஒருவரைச் சந்தேகித்தேன்' என்று சேர்த்தேன்.

"இந்த வரி தேவையா?" என்றார் பெந்தாங்கோர்.

"தேவைதான்."

ஒடிலாவை வேலையை விட்டு நீக்கவில்லை, நீண்ட மருத்துவ விடுப்பு. பிரிவு தப்பியது. கடிதம் வெளியே போன அறுபத்து மூன்று பேருக்கும் நடந்ததை நாங்களே எழுதித் தெரிவிக்க வேண்டும்.

ஜூலை 1, செவ்வாய்

மாத்தேயை நான் ஊற்றினேன். முதல் வாய் ஊற்றுகிறவருக்கு; கசப்பெல்லாம் அதில்தான் இருக்கும். முட்டாளின் வாய் என்பார்கள். குடித்தேன். "வில்மர், உன்கிட்ட தப்பா நடந்துக்கிட்டேன்," என்றேன். "ஊத்துங்க, ஆறிடப் போவுது," என்றான். குடுக்கையை வாங்கிக் குடித்தான். நாள் முழுக்கக் கடிதம் எழுதினோம். கிழவருக்கு எழுதியதில் நாயின் பெயரைக் கேட்டேன்.

ஜூலை 5, சனி

ஒடிலா வீட்டில். மூன்றாவதோடு நன்றி என்றேன். மறுபடி ஊற்றி நீட்டினாள். வாங்கிக் குடித்தேன். மொத்தம் ஏழு. இன்றைக்குத் தூக்கம் வராது, பரவாயில்லை.