சிரித்துக்கொண்டே நீ கேட்டது

அண்ணா,

பழைய வேட்டியைக் கிழித்து நான்காக மடித்த துண்டு ஒன்று, கல்லூரியில் என் மேசைக்குள் கிடக்கிறது. நீ போனபின் உன் பெட்டியிலிருந்து அண்ணி எடுத்துக் கொடுத்தது. இன்று சாக்பீஸ் தேடும்போது கையில் பட்டது. அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

2004-இல் உனக்குப் புராஸ்டேட் ஆபரேஷன் ஆனது. அதன்பிறகு நீ எங்கேயும் வரவில்லை. பெருமுக்கல் மலைக்கோயிலில் என் மகளுக்குக் காது குத்தியபோது, பெரியப்பா எங்கே என்று அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். மறுநாள் சண்டை போடத்தான் மரக்காணம் வந்தேன். நீ உப்பளத்தில் உப்பு வாரிக்கொண்டிருந்தாய். வண்டியில் ஏறு, வீட்டுக்குப் போகலாம் என்றேன்.

"நீ போடா. நான் நடந்து வர்றேன்."

"என் மேல இன்னா கோவம் உனக்கு?"

"கோவமா? போடா பைத்தியம்."

நானும் வண்டியைத் தள்ளிக்கொண்டு கூடவே நடந்தேன். பிசியோதெரபி பிள்ளைகளுக்கு இப்போது என்ன பாடம் என்று கேட்டாய். பிரசவமான பெண்களுக்குச் சில சமயம் சிறுநீர் கசியும், இடுப்புக்கு அடியில் உள்ள தசைகளை இறுக்கிப் பழக்கினால் சரியாகும், அதுதான் பாடம் என்றேன்.

"அது பொம்பளைங்களுக்கு மட்டும்தானாடா?" சிரித்துக்கொண்டேதான் கேட்டாய்.

"பின்ன, உனக்கா புள்ள பொறக்கப் போவுது?"

நீயும் சிரித்தாய். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அந்தப் பாடத்தில் ஆண்களுக்கும் இரண்டு பக்கம் உண்டு. பையன்கள் கேலி செய்வார்களே என்று, "நீங்களே படிச்சிக்குங்க" என்று தாண்டிவிடுவேன். உனக்கு ஆனது போன்ற ஆபரேஷனுக்குப் பிறகு ஆண்களுக்கும் கசியும் என்பது எனக்குத் தெரியாததா? வருஷா வருஷம் தாண்டிய பழக்கத்தில், சொந்த அண்ணன் கேட்டபோதும் தாண்டிவிட்டேன்.

2006-இல் மாரடைப்பில் போய்விட்டாய். காரியம் முடிந்த அன்று அண்ணி சொன்னாள்: "ரெண்டு வருஷமா இந்தத் துணியத்தான் உள்ள வெச்சிக்கிட்டு இருந்தாரு, தம்பி. உப்புத்தண்ணி பட்டு தொடையெல்லாம் புண்ணு. தம்பிகிட்ட கேளுங்கன்னேன். கேட்டுட்டேன், அது பொம்பளைங்களுக்குத்தானாம்னாரு."

பத்து நிமிடத்தில் சொல்லிக்கொடுத்திருக்கலாம். அந்தப் பத்து நிமிடம் இல்லாமல், ஊரில் யாரோடும் சேராமல், இரண்டு வருஷம் தனியாக இருந்திருக்கிறாய். இப்போது நீ இல்லாமல் நான் தனியாக இருக்கிறேன்.

அந்த இரண்டு பக்கத்தை இப்போது விடுவதில்லை. பிள்ளைகள் சிரித்து முடிக்கும்வரை காத்திருக்கிறேன். போன வாரம் எல்லோரும் போனபின் ஒரு மாணவி திரும்பி வந்து, "எங்க அப்பாவுக்கு, சார்..." என்று ஆரம்பித்து நிறுத்தினாள். எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு, "சொல்லும்மா" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை அவள் ஊரான பிரம்மதேசம் போய் அவள் அப்பாவைப் பார்த்தேன். முதலில் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். ஒவ்வொரு பதிலும் உனக்கு வரவேண்டியது, அண்ணா.