கமலாட்சி வீட்டு ஜன்னலும் உன் டி.வி. புத்தகமும்

சிவமயம்

காஞ்சிபுரம்,
20-11-77, ஞாயிறு

அண்ணாவுக்கு தேவகி எழுதுவது. இது அம்மாவின் கடிதம், கை மட்டும் என்னுடையது. காரமாக இருக்கிறதென்று எதையும் குறைக்காமல், உள்ளதை உள்ளபடி எழுதுவதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன். இனி அம்மா பேசுகிறாள்.

சிரஞ்சீவி பஞ்சாட்சரத்துக்கு அம்மா வடிவாம்பாளின் ஆசீர்வாதம். ஏகாம்பரநாதர் புண்ணியத்தில் இங்கே மூவரும் சுகம், நீயும் சென்னையில் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். அப்பாவின் முழங்கால் வலி தைலத்துக்கு அடங்கிவிட்டது, என் வயிற்றெரிச்சல்தான் அடங்கவில்லை. தீபாவளிக்கும் நீ வராததால் எழுத வேண்டியிருக்கிறது. போன ஞாயிறு எதிர்வீட்டுக் கமலாட்சி வீட்டுக்கு நானும் தேவகியும் படம் பார்க்கப் போனோம், தெருவுக்கே அது ஒன்றுதானே டி.வி. பெட்டி. கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். அவள் மகளைக் கட்டிக்கொள்ளப் போகும் வீட்டார் வந்து நுழைந்ததும் எங்களை எழுப்பி ஜன்னலுக்கு வெளியே போய் நிற்கச் சொன்னாள், வெளியே தூறல். ஏன் என்று கேட்டதற்கு நீ வேலை பார்க்கிற டி.வி. நிகழ்ச்சிப் புத்தகத்தைக் கொண்டுவந்து அத்தனை பேர் முன்னால் வாசித்தாள். அன்பான இல்லத்தரசிகளே, பெட்டியின் முன் கூட்டம் சேர்க்காதீர்கள், பலர் மூச்சுக்காற்று பட்டால் திரை மங்கும் என்று போட்டிருந்தது. கீழே இருந்த உன் பெயரையும் விடவில்லை. நான் என்னம்மா பண்ணட்டும் வடிவு, உன் பிள்ளையே எழுதி வச்சிருக்குது, பெத்தவளே கேட்கலைன்னா ஊர் எப்படிக் கேட்கும் என்று சிரித்தாள், சம்பந்தி அம்மாளும் சிரித்தாள்.

வீட்டுக்கு வந்து தேவகி உன் புத்தகத்தை அட்டை முதல் அட்டை வரை படித்தாள். உங்கள் வரவேற்பறை, உங்கள் சோபா, உங்கள் விருந்தினருக்குத் தரும் பலகாரம் என்றே பக்கம் பக்கமாகப் போகிறதாம், பெட்டி வாங்கியவளோடுதான் பேசுகிறதாம், ஜன்னலில் நின்று பார்ப்பவர்களுக்கு அதில் ஒரு வரியும் இல்லையாம். உன் தங்கை நின்ற ஜன்னல்தானப்பா அது.

ஆனால் கமலாட்சி மகளின் முகூர்த்தப் புடவை நம் தறியில் ஏறியிருக்கிறது. புதன்கிழமை சம்பந்தி வீட்டுப் பெண்களைக் கூட்டிக்கொண்டு அதைக் காட்ட வந்தாள். வாசலிலேயே மறித்தேன். தறி முன்னால கூட்டம் ஆகாதும்மா, மூச்சுக் காத்து பட்டா சரிகை கறுத்துடும், நீ மட்டும் உள்ளே வா, அவங்க ஜன்னல்ல நின்னு பார்க்கட்டும் என்றேன். அது எந்தப் புஸ்தகத்துல போட்டிருக்குது என்றாள். இனிமேல்தான் என் பிள்ளை எழுதப் போவுது என்றேன். அவள் முகம் சாயத் தொட்டியில் முக்கி எடுத்தது போல் ஆனது. அப்பா தறிக்குழியில் குனிந்துகொண்டு சிரித்தார்.

ஆகவே எழுது. ரசப்பொடிக் குறிப்புக்குப் பக்கத்தில் பட்டுப்புடவைக் குறிப்பும் போடுகிறீர்களே, அதில் போடு, உன் பெயரோடு போடு. தை மாதக் கல்யாணத்துக்கு முன் அந்தப் புத்தகம் அவள் கைக்கு வர வேண்டும். வராவிட்டால் தெருவில் என் வாக்கு பொய்யாகும், அப்புறம் நீ பொங்கலுக்கு வரும்போது கமலாட்சி வீட்டு சோபாவிலேயே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொள். பனியில் தலையை நனைக்காதே, எண்ணெய் தேய்த்துக் குளி. காமாட்சி உனக்கு நீண்ட ஆயுளும் நல்ல புத்தியும் தரட்டும், புத்தியை முதலில் தரட்டும்.

இப்படிக்கு, உன்னைப் பெற்றவள்,
வடிவாம்பாள்

அண்ணா, ஒரு சொல்லும் குறைக்கவில்லை. எதிர்வீட்டில் படம் ஆரம்பித்துவிட்டது, பாட்டு இங்கே கேட்கிறது. நாங்கள் எட்டிப் பார்ப்பதாக அவர்கள் நினைக்கக் கூடாதென்று அம்மா வாசல் விளக்கை அணைத்துவிட்டாள்.