மாட்டாத ஜம்பர்

ஜனவரி 9

அன்புள்ள சகலை அவர்களுக்கு,

மூன்று மைக்ரோவாட்! உங்கள் லேபில் நீங்கள் அளந்து அனுப்பிய தாளைப் பார்த்ததும் மேனேஜர் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார், கேக் வெட்டினார். பத்துக்குள் வந்தால் போதும் என்றவர் அவர். குரலை எண்களாக மாற்றும் இந்தச் சிப் இவ்வளவு குறைவாகக் கரண்ட் குடித்தால், காதுக் கருவிக்கு அடிக்கடி பேட்டரி மாற்றும் தொல்லை போயே போச்சு. பத்தைத் தாண்டியிருந்தால் எங்கள் ஆறு பேரையும் வேறு வேலை பார்க்கச் சொல்லியிருப்பார்கள். இருபதாம் தேதி வாடிக்கையாளரிடம் அறிவிக்கிறோம். அக்காவை நீங்களும் தங்கையை நானும் கட்டிக்கொண்டதில் எனக்குத்தான் லாபம் அதிகம். சிப் பொருத்திய போர்டைத் திருப்பி அனுப்புங்கள். அண்ணிக்கு என் வணக்கம்.

தங்கள் சகலை

ஜனவரி 13

அன்புள்ள சகலை,

போனில் சொன்னால் பாதியில் வைத்துவிடுவாய், அதனால் எழுதுகிறேன். உன் போர்டைப் பெட்டியில் வைக்கும்போதுதான் கண்ணில் பட்டது. சிப்புக்கு இரண்டு வழியாகக் கரண்ட் போகிறதல்லவா? அதில் பெரிய வழியை இணைக்கிற சின்னத் துண்டை, அந்த ஜம்பரை, நான் மாட்டவே இல்லை. அந்தப் பகுதி, சிப்புக்குச் சிக்னல் வருகிற கம்பிக்கால் வழியாகத் திருட்டுத்தனமாக உறிஞ்சிக்கொண்டு ஓடியிருக்கிறது. மீட்டர் மிச்சத்தை மட்டும் காட்டியது. மாட்டி அளந்தேன். பதினான்கு.

மார்ச்சில் என் ஒப்பந்தம் முடிகிறது. வாயை மூடிக்கொண்டு இருந்துவிடலாமா என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன், பொய் சொல்லவில்லை. ஆனால் உன்னை வாடிக்கையாளர் முன்னால் நிறுத்திவிட்டு எனக்குச் சோறு இறங்காது. தப்பு என்னுடையது. உன் மேனேஜரிடம் அப்படியே சொல். நானும் இங்கே சொல்லிவிட்டேன்.

உன் சகலை

ஜனவரி 16

சகலைக்கு,

கடிதம் கிடைத்தது. வெட்டித் தின்ற கேக்கைக் கக்கவா முடியும்? ஒரு ஜம்பரை மாட்டத் தெரியாதவரிடம் ஆறு பேர் பிழைப்பைக் கொடுத்தேனே, என் புத்தியைச் சொல்ல வேண்டும். நாளை மேனேஜர் முகத்தில் எப்படி விழிப்பேன்? இனி உங்களிடம் பேச எனக்கு ஒன்றுமில்லை. ஏதாவது இருந்தால் அண்ணியிடம் பேசிக்கொள்கிறேன்.

பிப்ரவரி 2

அண்ணா,

எந்த முகத்தோடு எழுதுவது என்று தெரியவில்லை. எழுதாமல் இருக்கவும் முடியவில்லை.

மேனேஜர் வாடிக்கையாளர் கூட்டத்தை ரத்து செய்துவிட்டு ஒரு மணி நேரம் திட்டினார். நடுவில், "சப்ளையே இல்லாம அது எப்படிய்யா ஓடுச்சு?" என்று கத்தினார். திட்டுதான். ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. ஒன்றே கால் வோல்ட்டுக்குக் குறைந்தால் சிப் உளறும் என்று பயந்து நான் அதற்குக் கீழே போகவே இல்லை. சிக்னல் காலிலிருந்து அதற்குக் கிடைத்ததோ முக்கால் வோல்ட்தான். அதை வைத்துக்கொண்டு ஒரு பிழை இல்லாமல் எண்களைக் கொடுத்திருக்கிறது! பயத்தை விட்டு, வோல்ட்டேஜை முறையாகக் குறைத்து ஓட்டிப் பார்த்தோம். எட்டு வருகிறது, அண்ணா. நீங்கள் வாயை மூடியிருந்தால் இது எங்களுக்குத் தெரிந்தே இருக்காது.

உங்களை அளக்கும் மேசையிலிருந்து தூக்கி ஸ்டோரில் உட்கார வைத்துவிட்டதாக அண்ணி சொன்னார். நீங்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அடுத்த போர்டை யார் அளக்க வேண்டும் என்று நாம் சொல்லலாமா என்று மேனேஜரிடம் கேட்டேன். "தன் தப்பைத் தானே வந்து சொன்ன ஆளை விட்டுட்டு வேற யாரைத் தேடறது?" என்றார். உங்கள் லேபுக்கு அவரே எழுதியிருக்கிறார். நீங்களும் எட்டு என்றால்தான் வாடிக்கையாளரிடம் போவோம்.

அன்று எழுதியதற்கு மன்னித்துவிடுங்கள். உங்களுக்கு நான் ரொம்பக் கடமைப்பட்டிருக்கிறேன்.

தங்கள் தம்பி

பிப்ரவரி 10

அன்புள்ள தம்பி,

பார்சல் வந்தது. ஸ்டோருக்கு வருகிற பெட்டிகளைப் பதிவு செய்வது இப்போது என் வேலை. அதனால் என் கைக்கே வந்தது. மேலே என் பெயர் இருந்தது. லேபுக்கு என்று போடாமல் எனக்கு என்று போட்டிருக்கிறாய். பதிவேட்டில் என் பெயரை நானே எழுதிக்கொண்டேன். சாயங்காலம் லேப் தலைவர் வந்து, "நாளைக்கு உங்க மேசைக்கு வந்துடுங்க" என்றார். மார்ச்சில் முடிகிற ஒப்பந்தத்தைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. பரவாயில்லை. தப்பு செய்தவன் கையிலேயே திரும்பக் கொடுத்தாயே, அதற்கு நன்றி சொல்ல எனக்குத் தெரியவில்லை.

காலையில் அளக்கிறேன். எட்டு வர வேண்டும் என்று நானும் ஆசைப்படுகிறேன். ஆனால் என்ன வருகிறதோ அதைத்தான் எழுதுவேன்.

உன் அண்ணன்