கண்ணிமை வைத்த வண்டி

8 செப்டம்பர் 2025, திங்கள்

வண்டிக்குக் கண்ணிமை வைத்துவிட்டேன். ஹெட்லைட் இரண்டுக்கும் மேலே ஒட்டுகிற பிளாஸ்டிக் இமைமுடி, கறுப்பாக, நீளமாக, நுனி சுருண்டு. இசக்கிமுத்து கடையில் ஒட்டும்போதே ரோட்டில் போன ரெண்டு பேர் நின்று சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

என் வீட்டுக்காரர் ஞானதுரைக்கு ஜம்முவில் டூட்டி. வீடியோ காலில் காட்டினேன். "ஏட்டி ஜெபா, இதனால என்ன பிரயோசனம்? மைலேஜ் கூடுமா?" என்றார். "உங்க மீசை இருக்கிறதால துப்பாக்கி நேராச் சுடுதா?" என்றேன். போனை வைத்துவிட்டார்.

10 செப்டம்பர்

நியாயமாகவே யோசித்துப் பார்த்தேன். கதவுக் கண்ணாடிக்கு மேலே டோர் வைசர் இருந்தால் மழையிலும் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கலாம், பயன் உண்டு. முன்னால் இருந்த இரும்பு பம்பர் கார்டு ஆபத்து, ஏர்பேக் விரியாமல் போகலாம், சட்டப்படியும் கூடாது என்று எப்.சி.க்குப் போனபோது சொன்னார்கள். அன்றே கழற்றிப் போட்டேன். பின்னால் றெக்கை மாதிரி இருக்கிற ஸ்பாய்லர், தேங்காய் லாரிக்குப் பின்னால் ஊர்ந்து போகிற எனக்கு எதற்கு? ஒரு புண்ணியமும் இல்லை.

கண்ணிமை? அதுவும் ஒன்றுக்கும் ஆகாது. சரி. அதனால் என்ன? மாமியார் வீட்டு ஷோகேஸில் பீங்கான் வாத்து இருக்கிறது. அது முட்டையா போடுகிறது?

15 செப்டம்பர், திங்கள்

காலை ஷிப்டுக்கு ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மில் பெண்களை ஏற்றி ராஜபாளையம் கொண்டு வருவதுதான் என் நிரந்தர ட்ரிப். மில்லில் வண்டிகளைக் கவனிக்கிற சீனிச்சாமி அண்ணாச்சி இன்று கேட்டில் மறித்தார்.

"இது மில்லா, கல்யாண மண்டபமா? கழத்திட்டு வாங்க. இல்லன்னா வேற வண்டி பாத்துக்கிடுதோம்."

இந்த ட்ரிப் போனால் வண்டி ஷெட்டுக்கு, நான் அடுப்படிக்கு. அதற்குத்தானே என் கொழுந்தன் காத்துக்கொண்டிருக்கிறார்.

16 செப்டம்பர்

கழற்றிவிட்டேன். அழுகை வந்தது. இதுக்குப் போயா?

20 செப்டம்பர், சனி

புரட்டாசி முதல் சனி. விடியும் முன்பே ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்ட் எதிரே, ஊருக்குப் பக்கத்துக் குன்றில் இருக்கிற திருவண்ணாமலைப் பெருமாளைப் பார்க்கப் போகிற வண்டிகள் வரிசையாக நின்றன. எல்லாம் வெள்ளை. என்னுடையதும் வெள்ளை.

மில் பெண்கள் எல்லோரும் என் வண்டியில் ஏறிவிட்டார்கள், குருவம்மாளக்காவை மட்டும் காணோம். கூட வருகிற மாரிச்செல்வி இறங்கிப் போய்த் தேடினாள். இல்லை. போனும் எடுக்கவில்லை. ஷிப்டுக்கு நேரமாகிறதென்று கிளம்பிவிட்டோம்.

மத்தியானம் அந்தக்காவே கூப்பிட்டார்கள். கண்ணாடி போட மாட்டார்கள், தூக்கக் கலக்கம் வேறு. பொம்பளைகள் நிறைய இருந்த ஒரு வெள்ளை வண்டியில் ஏறி, உட்கார்ந்ததும் தூங்கிவிட்டார்களாம். அந்த வண்டியில் இருந்தவர்கள் ஒவ்வொருவரும், அடுத்தவருடைய சொந்தம் போல என்று நினைத்துக்கொண்டார்கள். முழித்தால் மலையடிவாரம்!

"பெருமாளே கூப்பிட்டுட்டார்னு சாமி கும்பிட்டேன் ஜெபா. ஆனா ஷிப்டு போச்சே. ஒன் வண்டில அந்தக் கண்ணு இருந்திருந்தா மாறி ஏறுவனா?"

22 செப்டம்பர்

விஷயம் சீனிச்சாமி அண்ணாச்சி வரை போய்விட்டது. தாராள மனசோடு சொன்னார்: "அடையாளத்துக்குன்னு திரும்ப ஒட்டிக்கோங்க. மேல கேட்டா நான் சொல்லிக்கிடுதேன்."

எனக்கு எங்கிருந்து வந்ததோ கோபம். "அடையாளத்துக்கு முன் கண்ணாடியில மில் பேரைப் பெருசா எழுதி வைக்கேன் அண்ணாச்சி. இமை அதுக்கு இல்ல. எனக்குப் பிடிச்சிருக்கு, அதான்."

"பிடிச்சிருக்குன்னு நான் மேல எப்படிச் சொல்ல?"

"அப்படியே சொல்லுங்க."

"அப்ப நாளைக்கு வர வேண்டாம்."

வருகிற வழியில் இசக்கிமுத்து கடையில் நிறுத்தி, திரும்ப ஒட்டிக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தேன்.

23 செப்டம்பர்

வண்டி வாசலில் நிற்கிறது. கொழுந்தன் கேட்காமலே கவர் வாங்கி வந்து மூடிவிட்டார். என்ன சந்தோஷம் அந்த மனுஷனுக்கு!

அடையாளத்துக்குத்தான், ஆமாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும். ஏன் சொல்லலை? சேலை எடுத்தா எதுக்கு, செருப்பு மாத்துனா எதுக்கு, நகத்துக்குச் சாயம் பூசுனா எதுக்கு — எம்புட்டுக்குத்தான் காரணம் சொல்ல? வாய் வலிக்குது. இந்த ஒண்ணுக்காவது சொல்ல மாட்டேன். போ.

25 செப்டம்பர்

கவரை எடுத்துக் கழுவினேன். மூடவில்லை.

26 செப்டம்பர்

சீனிச்சாமி அண்ணாச்சி போன். எனக்குப் பதில் வந்த டிரைவர் வழியில் டீக்கடை டீக்கடையாக நிறுத்துகிறானாம். மூன்று நாளும் ஷிப்டுக்கு லேட். "பொம்பளைக அம்புட்டுப் பேரும் எம் ரூமுக்கு முன்னால வந்து நிக்காக. குருவம்மா போடுத சத்தம் தாங்கல. திங்கக்கிழமை வந்துருங்க."

"இமையோடதான் வருவேன்."

"அந்தப் பக்கம் நான் பாக்கல தாயி" என்றார்.

29 செப்டம்பர், திங்கள்

போனேன். அண்ணாச்சி நிஜமாகவே அந்தப் பக்கம் பார்க்காமல் கேட்டைத் திறந்துவிட்டார்.

எல்லோரும் இறங்கிப் போன பிறகு மாரிச்செல்வி மட்டும் வண்டிக்கு முன்னால் குனிந்து என்னவோ செய்துகொண்டிருந்தாள். போய்ப் பார்த்தால், தன் நெற்றியில் இருந்த ஸ்டிக்கர் பொட்டை எடுத்து இரண்டு கண்ணுக்கும் நடுவில் ஒட்டியிருக்கிறாள்.

"இது எதுக்குட்டி?" என்று என் வாயிலேயே வந்துவிட்டது.

"சும்மாக்கா" என்று சொல்லிவிட்டு ஓடிப் போனாள்.

நான் பொட்டு வைக்கிறவள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை இந்த வண்டியில்தான் சர்ச்சுக்கும் போக வேண்டும். ஊரே கேட்கும்.

கேட்கட்டும். வண்டிக்கு இருந்துவிட்டுப் போகிறது.